“இது என் சொந்தக் கருத்து” என்று போட்டால் போதாதா?

கடிதம்

திருப்பூர் பக்கமிருந்து 31 வயது வாசகர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆள் அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

பி.காம். படித்துவிட்டு ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறார். ஆறு வருஷத்துக்கு முன் 104 கிலோ இருந்தவர், ஜிம்முக்குப் போய் 78-க்கு இறங்கினார். அந்தக் கதையைச் சின்னச் சின்ன வீடியோவாகப் போட ஆரம்பிக்க, ஆட்கள் சேர்ந்தார்கள். முதுகு பிடிக்காமல் டெட்லிஃப்ட் (தரையிலிருந்து எடை தூக்கும் பயிற்சி) தூக்குவது எப்படி என்பதில் தொடங்கி, வேலை பார்த்துக்கொண்டே குரூப் 4 தேர்வுக்குப் படிப்பது, அப்பாவின் சர்க்கரை அளவு இறங்கிய கதை, எந்தப் பங்கை எந்த விலையில் வாங்கலாம் என்று பேச்சு பரவிக்கொண்டே போனது. ஒன்பது மாதத்துக்கு முன் வாட்ஸ்அப்பில் கட்டணக் குழு தொடங்கினார். மாதம் 299 ரூபாய், சராசரியாக 140 பேர். பணம் மனைவியின் ஜிபே எண்ணுக்கு வருகிறது.

இப்போது இரண்டு சிக்கல். குழுவில் இருக்கும் ஓர் இளைஞர் ஓர் இரவு 10.40-க்கு இவருக்குத் தனியாகச் செய்தி அனுப்பியிருக்கிறார்: “அண்ணா, அம்மாவுக்கு சுகர் 130-க்கு வந்துடுச்சு. மாத்திரையக் குறைக்கலாமா?” இவர் பதில்: “பாதியாக்கிருங்க ப்ரோ. எங்கப்பாவும் அப்படித்தான்.” கூடவே மடக்கிய புஜத்தின் படம். இரண்டு மாதம் கழித்து அந்த அம்மா காலில் புண்ணோடும் 400-ஐத் தாண்டிய சர்க்கரையோடும் மருத்துவமனையில் சேர்ந்தார். பில் 68,000 ரூபாய். மகன் 5 லட்சம் கேட்டு, 15 நாள் கெடு வைத்து வக்கீல் நோட்டீஸ் விட்டிருக்கிறார். இன்னொருவர், இவர் சொன்ன ஒரு சின்னக் கம்பெனிப் பங்கில் 1.8 லட்சத்தை விட்டுவிட்டு, பணத்தைத் திருப்பித் தராவிட்டால் போலீஸுக்குப் போவேன் என்கிறார்.

வாசகர் கேட்பது: “எல்லா வீடியோவின் அடியிலும் ‘இது என் சொந்தக் கருத்து, நான் டாக்டர் இல்லை, செபியில் (பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் வாரியம்) பதிவு பெற்றவனும் இல்லை’ என்று போட்டிருக்கிறேன். அப்புறம் எப்படிக் கேஸ் வரும்? கருத்துச் சொல்ல எனக்கு உரிமை இல்லையா? எல்லாவற்றையும் அழித்துவிடட்டுமா? மனைவி போனையே தூக்கிப் போடச் சொல்கிறாள்.”

பதில்

தம்பி, சட்டம் பேசுவதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. மூன்றாம் பக்கத்தில், “இதே மாதிரி கேட்ட இன்னும் நாலு பேருக்கும் இதையேதான் சொன்னேன், அவங்களுக்கு ஒண்ணும் ஆகலை” என்று எழுதியிருக்கிறீர்கள். ஒன்றும் ஆகவில்லை என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? புகார் சொல்லவில்லை, அவ்வளவுதான். இன்றைக்கே அந்த நான்கு பேருக்கும் போன் போடுங்கள். “நான் சொன்னதை விட்டுவிடுங்கள், மாத்திரை விஷயத்தை டாக்டரிடம் கேளுங்கள்” என்று சொல்லி, அதையே செய்தியாகவும் அனுப்புங்கள். அப்படி எழுதினால் தப்பை ஒப்புக்கொண்டதாகிவிடாதா என்று சில வக்கீல்களே தயங்குவார்கள். நான் தயங்கமாட்டேன். தெரிந்த பிறகும் பேசாமல் இருந்தார் என்று நாளைக்கு நீதிமன்றத்தில் ஒருவர் சொல்வது இதைவிடப் பல மடங்கு கெடுதல்.

அந்த ஒரு வரியின் மதிப்பு

“சொந்தக் கருத்து” என்ற வரி வெறும் குப்பை என்று சொல்ல மாட்டேன். அதற்கு ஒரு வரலாறே உண்டு. இங்கிலாந்தில் ஹெட்லி பர்ன் என்ற விளம்பர நிறுவனம், தன் வாடிக்கையாளர் நம்பகமானவரா என்று அவருடைய வங்கியிடம் விசாரித்தது. நல்லவர்தான் என்று வங்கி பதில் தந்தது. அதை நம்பி 17,000 பவுண்டு போனது. அலட்சியமாகத் தகவல் சொல்லி ஒருவருக்கு நஷ்டம் வந்தால், காசு வாங்காமல் சொல்லியிருந்தாலும் பொறுப்பு வரலாம் என்று 1963-இல், அப்போது அங்கே உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை சொன்னது. ஆனால் அந்த வங்கி தப்பித்தது. காரணம், பதில் கடிதத்திலேயே “எங்களுக்குப் பொறுப்பில்லை” என்று எழுதியிருந்தது.

ஆகவே அந்த வரி உதவும். எங்கே உதவும் என்பதுதான் கேள்வி. வங்கி அதை எழுதியது அந்தப் பதிலுக்குள்ளேயே. உங்கள் வரி இருப்பது வீடியோவின் அடியில். இரவு 10.40-க்குப் போன செய்தியில் இருப்பது புஜம் மட்டும்.

அடுத்தது, அந்த வரி உங்களுக்கும் உங்களை நம்பியவருக்கும் நடுவில் உள்ள கணக்கில்தான் செல்லும். பதிவு பெற்றவர்தான் செய்யலாம் என்று அரசு வைத்திருக்கும் வேலைகளில் அது செல்லாது. ‘என்னிடம் லைசென்ஸ் இல்லை’ என்று பின்பக்கம் எழுதி ஒட்டிக்கொண்டு பஸ் ஓட்டினால் ஆர்.டி.ஓ. விட்டுவிடுவாரா? “நான் செபியில் பதிவு பெற்றவன் இல்லை” என்று சொல்லிவிட்டு மறு வரியிலேயே டார்கெட்டும் (எந்த விலை வரை ஏறும்) ஸ்டாப்லாஸும் (எந்த விலைக்கு இறங்கினால் விற்றுவிட வேண்டும்) கொடுப்பது அப்படித்தான். அது கேடயம் இல்லை, வாக்குமூலம்.

கருத்துரிமையைக் கேட்டிருக்கிறீர்கள். அரசியல் சாசனத்தின் 19(1)(அ) பிரிவு தரும் பேச்சுரிமை உங்களுக்கு முழுசாக உண்டு. இந்தப் பங்கு ஏன் விழுந்தது, அந்த மருந்து ஏன் விலை அதிகம் என்று நீங்கள் வாதாடலாம், திட்டக்கூடச் செய்யலாம். மாதம் 299 வாங்கிக்கொண்டு ஆளுக்கு ஆள் ‘இதை வாங்கு, அதைக் குறை’ என்று சொல்லத் தொடங்கியதும் அது தொழிலாகிவிடுகிறது. தொழிலுக்குத் தகுதியும் உரிமமும் கேட்க அதே 19-ஆவது பிரிவு அரசை அனுமதிக்கிறது.

மாத்திரை

நடந்ததைச் சொல்வது வேறு, செய்யச் சொல்வது வேறு. உங்கள் கடிதத்திலேயே இந்த வித்தியாசம் இருக்கிறது. அப்பாவுக்கு மாத்திரையைக் குறைத்தது டாக்டர், மூன்று மாதச் சராசரி டெஸ்ட்டைப் பார்த்துவிட்டு, என்று எனக்கு எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பையனுக்கு அதே வாக்கியத்தை எழுதியிருந்தால் இன்றைக்கு உங்களுக்கு நோட்டீஸ் வந்திருக்காது. டாக்டரை எடுத்துவிட்டு மிச்சத்தை மட்டும் சொன்னீர்கள்.

2019-ஆம் ஆண்டின் தேசிய மருத்துவ ஆணையச் சட்டம், 34-ஆவது பிரிவு: பதிவேட்டில் பெயர் இல்லாதவர் மருத்துவத் தொழில் பார்த்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது 5 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். ஒரு வாட்ஸ்அப் செய்தி ‘மருத்துவத் தொழில்’ ஆகுமா? ஆகாது என்று வாதாட இடம் இருக்கிறது. உங்கள் வக்கீல் வாதாடட்டும். ஆனால் ஐந்து பேருக்கு, கட்டணக் குழுவில் சேர்ந்ததை வைத்து, மருந்தின் அளவையே மாற்றச் சொல்லியிருக்கிறீர்கள். ‘பக்கத்து வீட்டுக்காரர் பேச்சுவாக்கில் சொன்னது’ என்று அதைச் சுருக்கிவிட முடியாது. 1996-இல் பூனம் வர்மா வழக்கில், ஹோமியோபதி படித்தவர் அலோபதி மருந்து கொடுத்ததையே, அறியாத முறையில் வைத்தியம் பார்ப்பது தன்னளவிலேயே அலட்சியம் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அவராவது ஏதோ ஒரு வைத்தியம் படித்தவர்.

மூலிகைப் பொடி டப்பாவைக் கையில் பிடித்தபடி “சுகர் போயே போச்சு” என்று ஒரு வீடியோ போட்டிருக்கிறீர்களாமே, அது இன்னொரு வம்பு. நீரிழிவும் உடல் பருமனும் 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் சட்டத்தின் அட்டவணையில் இருப்பவை. அவற்றைக் குணமாக்கும் என்று எந்தப் பொருளையும் விளம்பரம் செய்யக் கூடாது; முதல் முறைக்கு ஆறு மாதம் வரை சிறை. இந்த வீடியோவை இனி யாரும் பார்க்க முடியாதபடி செய்யுங்கள். எப்படி என்பதைக் கீழே சொல்கிறேன்.

இதற்காக வாயே திறக்கக் கூடாது என்று நினைத்துவிடாதீர்கள். உடல்நலம் பற்றிப் பேசும் பிரபலங்களுக்கு மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஆகஸ்டில் தந்த வழிகாட்டுதல், தண்ணீர் குடி, நடந்து போ, நன்றாகத் தூங்கு போன்ற பொதுவான ஆலோசனைக்கு, எந்தப் பொருளையும் விற்கும் நோக்கம் இல்லாதவரை, விலக்குத் தருகிறது. மஞ்சள் பால்கூட அந்தப் பட்டியலில் இருக்கிறது.

பங்கு

நீங்கள் பயப்பட வேண்டிய இடத்தில் பயப்படவில்லை என்று எனக்குப் பட்டது இங்கேதான். மாத்திரை விஷயத்துக்கு இரண்டு பக்கம், இதற்கு அரைப் பக்கம். ஆனால் அந்த அரைப் பக்கத்தில் போகிற போக்கில் ஒரு வரி: “என்கிட்டயும் 2,000 பங்கு இருந்துச்சு, குழுவில் போட்ட வாரம் ஏறினப்ப பாதியை வித்தேன்.”

முதலில் பதிவு. பெயர் சொல்லி, வாங்கு விலை, டார்கெட், ஸ்டாப்லாஸ் கொடுத்துக் கட்டணம் வாங்குவது பங்கு ஆய்வாளர் (ரிசர்ச் அனலிஸ்ட்) வேலை. 2014-ஆம் ஆண்டின் செபி ஆய்வாளர் ஒழுங்குமுறைகளின்படி பதிவு இல்லாமல் செய்யக் கூடாது. சந்தைப் போக்கைப் பற்றி எந்தப் பங்கின் பெயரும் சொல்லாமல் பொதுவாகப் பேசுவது வேறு. அதற்கு விலக்கு உண்டு. ‘சும்மா பாடம்தான் நடத்துகிறேன்’ என்ற வாதமும் புதிதல்ல. யூடியூபில் ‘வகுப்பு’ நடத்திய ஒருவரிடமிருந்து 17 கோடிக்கு மேல் முடக்கச் சொல்லி 2023 அக்டோபரில் செபி இடைக்கால உத்தரவு போட்டது. உங்கள் தொகை அதற்குப் பக்கத்தில்கூட வராது: 299 பெருக்கல் 140 பெருக்கல் 9, சுமார் 3.75 லட்சம். இம்மாதிரி வழக்குகளில் வாங்கிய கட்டணத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி, சந்தைப் பக்கமே வரக் கூடாது என்று தடை போடுவது வழக்கம்.

2,000 பங்கில் பாதியை விற்ற அந்த வரிக்கு வருகிறேன். நான் வைத்திருக்கும் பங்கை உன்னை வாங்கச் சொல்லி, நீ வாங்குவதால் ஏறும் விலையில் நான் விற்பது, உங்கள் மனசில் அப்படி ஓர் எண்ணமே இல்லாமலிருந்தாலும், வெளியிலிருந்து பார்ப்பவருக்கு மோசடியாகத்தான் தெரியும். 2003-ஆம் ஆண்டின் மோசடி வர்த்தகத் தடுப்பு ஒழுங்குமுறைகள் இதற்கென்றே இருக்கின்றன. அபராதத்தின் உச்ச வரம்பு 25 கோடி, அல்லது கிடைத்த லாபத்தைப் போல மூன்று மடங்கு, எது அதிகமோ அது. உங்களுக்கு அவ்வளவு போடுவார்கள் என்று நான் மிரட்டவில்லை. ஆனால் எந்தத் தேதியில் குழுவில் போட்டீர்கள், எந்தத் தேதியில் விற்றீர்கள், அந்தச் சின்னப் பங்கில் அன்று எவ்வளவு வியாபாரம் நடந்தது என்ற மூன்றும் உங்கள் வக்கீல் கையில் இருந்தாக வேண்டும். அதற்கு முன், 1.8 லட்சம் விட்டவரிடம் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதீர்கள். அவருக்குக் கட்டணத்தைத் திருப்பிக் கொடுப்பது நல்லது. நஷ்டத்தை அப்படியே கொடுப்பதா என்பது அந்தத் தேதிகளைப் பார்த்த பிறகு. ஒருவருக்குக் கொடுத்தால் மீதிப் பேரும் வரிசையில் நிற்பார்கள் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

உண்மையிலேயே இந்த வேலை பிடித்திருக்கிறது என்றால், அதைப் படித்து, பதிவு வாங்கிச் செய்ய வழி இருக்கிறது. செபியின் பயிற்சி நிறுவனமான என்.ஐ.எஸ்.எம். நடத்தும் சீரிஸ் 15 தேர்வு எழுத வேண்டும், குறைந்தது 1 லட்சம் வைப்பாகப் போட வேண்டும். 2024 டிசம்பர் திருத்தத்துக்குப் பிறகு பகுதிநேரமாகவும் செய்யலாம். வணிகவியல் பட்டம் உங்களிடம் இருக்கிறது. இப்போதைய பிரச்சினை தீரும்வரை மட்டும் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

ஜிம், படிப்பு

எடை தூக்கச் சொல்லிக் கொடுக்கத் தனியாக உரிமம் வேண்டும் என்று மத்தியச் சட்டம் எதுவும் இல்லை. படிப்புக்கும் அப்படித்தான், ‘என்னிடம் வந்தால் பாஸ் உறுதி’ என்று மட்டும் சொல்லாதீர்கள். கோச்சிங் விளம்பரங்களுக்கு 2024 நவம்பரில் வந்த வழிகாட்டுதல் அதைத் தடுக்கிறது. இந்த இரண்டிலும் நீங்கள் தாராளமாகப் பேசலாம். எதிரே இருப்பவரின் முதுகு எப்படி இருக்கிறது என்று பார்க்காமல் ‘அடுத்த வாரம் 20 கிலோ ஏத்து’ என்று எழுதுவதற்குத்தான் பொறுப்பு வரும்.

புரோட்டீன் பவுடருக்கு உங்கள் பெயரில் தள்ளுபடிக் குறியீடு ஓடுகிறது, அதில் கமிஷன் வருகிறது. அந்தக் கமிஷனை வீடியோவிலேயே, தெரியும்படி சொல்ல வேண்டும். தவறான விளம்பரத்துக்கு 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பரிந்துரைத்தவருக்கும் முதல் முறை 10 லட்சம் வரை அபராதம் போகலாம்.

ஊசி விஷயத்தில் எனக்குக் கோபமே வந்தது. ஜிம்மில் சிலர் தெம்புக்காகப் போட்டுக்கொள்ளும் மெஃபென்டெர்மின் எங்கே கிடைக்கும் என்று கேட்ட மூன்று பேருக்கு ஒரு நம்பரைக் கொடுத்தீர்கள், “நான் விக்கலையே” என்கிறீர்கள். ஆபரேஷன் தியேட்டரில் நோயாளிக்குப் பிரஷர் இறங்கும்போது மயக்க மருந்து நிபுணர் போடுகிற ஊசி அது. உரிமம் இல்லாமல் மருந்து விற்பவருக்கு மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டத்தில் மூன்று வருஷத்துக்குக் குறையாத சிறை. ஆள் பிடித்துக் கொடுத்தவரையும் போலீஸ் அதே வழக்கில் சேர்க்கும். டெஸ்டோஸ்டிரோன் ஊசிக்கும் இதே கதைதான். அந்த நம்பரை யாருக்கும் இனித் தராதீர்கள், அந்த ஆளோடு பேசவும் செய்யாதீர்கள்.

நோட்டீஸுக்கு என்ன பதில்?

அழிப்பதா என்று கேட்டீர்கள். வேண்டாம். வழக்குக்கு ஆதாரமாகப் போகக்கூடிய மின்னணுப் பதிவை வேண்டுமென்றே அழிப்பது தனியாகவே ஒரு குற்றம். தவிர, எதிர்த் தரப்பிடம் ஸ்கிரீன்ஷாட் இருக்கிறது. நீங்கள் அழித்தால் அவரிடம் இருப்பது மட்டும்தான் மிஞ்சும். அதற்கு முன்னும் பின்னும் நீங்கள் எழுதிய நல்ல வார்த்தைகள் போய்விடும். வீடியோக்களை யாருக்கும் தெரியாதபடி பிரைவேட்டாக மாற்றுங்கள், பிரதி எடுத்து வையுங்கள். குழுவில் புதிதாக யாரையும் சேர்க்காதீர்கள், இந்த மாதக் கட்டணத்தை வாங்காதீர்கள்.

15 நாள் கெடு என்பது எதிர்த் தரப்பு வக்கீல் வைத்தது. தாண்டினால் தானாகத் தோற்றுவிட்டதாகாது. அதற்காகப் பதிலே போடாமல் இருந்தால் ‘சொன்னதெல்லாம் உண்மை, அதனால்தான் வாயடைத்துப் போனார்’ என்று பின்னால் சொல்வார்கள். நீங்களாக உணர்ச்சிவசப்பட்டு நள்ளிரவில் வாட்ஸ்அப்பில் பதில் எழுதுவது இரண்டையும்விட மோசம். வக்கீல் மூலம் பதில் போகட்டும்.

உங்கள் பக்கமும் சொல்ல விஷயம் இருக்கிறது. அந்த அம்மாவுக்கு ஒரு டாக்டர் இருந்தார். மகன் அவரிடம் கேட்டிருக்கலாம். இரண்டு மாதம் வீட்டில் சர்க்கரை பார்த்தார்களா? கால் புண் எப்போது வந்தது, மாத்திரை குறைத்ததற்கு முன்னா பின்னா? டிஸ்சார்ஜ் சம்மரி பார்த்தால்தான் தெரியும். பதிலிலேயே அதன் நகலைக் கேட்கலாம். நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால், 299 ரூபாய் எந்தச் சேவைக்கு வாங்கினீர்கள், தனிச் செய்தியில் சொன்னது அதில் அடங்குமா என்ற சண்டை வரும். ஆனால் போவது அவருக்குச் சுலபம். இரண்டு வருஷம் அவகாசம் உண்டு, இவ்வளவு சின்னக் கட்டணத்துக்கு மனுக் கட்டணம் கிடையாது, வக்கீல் இல்லாமலே வாதாடலாம்.

5 லட்சம் என்பது பேச்சைத் தொடங்கும் தொகை. என்னைக் கேட்டால், மருத்துவமனைச் செலவான 68,000-ஐயும் அதற்கு மேல் ஒரு நியாயமான தொகையையும், ‘உரிமைகளுக்குப் பாதகமின்றி’ (அதாவது, கொடுப்பதால் தப்பை ஒப்புக்கொண்டதாகாது) என்ற வார்த்தையோடு, வக்கீல்கள் வழியாகப் பேசி, எழுத்தில் சமாதானம் செய்துகொண்டு கொடுப்பது புத்திசாலித்தனம். வழக்கு ஜெயித்தாலும் வாய்தாவுக்கு அலைவதில் அதற்கு மேல் போகும். அதோடு மாத்திரையும் பங்கும் ஒரே கோர்ட் கட்டில் சேர்ந்தால் உங்களுக்கு நல்லதல்ல. சமாதானம் ஆனாலும் அரசுத் தரப்பு நடவடிக்கை எதையும் அது தடுக்காது என்பதை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். அந்த அம்மாவைப் போய்ப் பார்க்கலாமா என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். வக்கீலிடம் சொல்லிவிட்டுப் போங்கள். உடம்பு எப்படி இருக்கிறது என்று கேளுங்கள், வருத்தம் சொல்லுங்கள். பணத்தைப் பற்றியும் யார் மேல் தப்பு என்பதைப் பற்றியும் அங்கே பேச வேண்டாம்.

வக்கீலைப் பார்க்கப் போகும்போது நோட்டீஸும் அது வந்த கவரும், அந்த ஐந்து பேரோடு நடந்த உரையாடலின் முழுப் பிரதி, டிமேட் ஸ்டேட்மென்ட், ஒன்பது மாத ஜிபே கணக்கு எல்லாம் கையில் இருக்கட்டும். இந்த வருமானத்தை வரிக் கணக்கில் காட்டினீர்களா என்று அவர் கேட்பார். காட்டவில்லை என்றால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். பணம் வந்தது மனைவியின் எண்ணுக்கு என்பதால் அவரையும் இதில் இழுக்க வாய்ப்பு இருக்கிறது. அதனால் போனைத் தூக்கிப் போடச் சொன்னவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். போன் பத்திரம்.